அடுத்த பெருந்தொற்றுக்குத் திட்டம் எழுதுவோருக்கு, ஸ்கேன் அறையிலிருந்து

மருத்துவமனைப் பெருந்தொற்றுத் திட்டக் குழுவினருக்கு வணக்கம்.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் எடுப்பவள். மருத்துவர் இல்லை. படத்தைப் பார்த்து அறிக்கை தருவது ரேடியாலஜிஸ்ட்டின் வேலை. ஸ்ட்ரெச்சரில் வருகிறவரை மேசைக்கு மாற்றி, கை கால்களைச் சரியாக வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, படத்தை எடுத்து அனுப்புவது என் வேலை. கோவிட் வந்த 2020லிருந்து ஒவ்வொரு அலையிலும் அந்த அறையில்தான் இருந்தேன்.

நீங்கள் எழுதியிருக்கும் புதிய திட்டத்தின் வரைவு எங்கள் பிரிவுக்கும் வந்தது. முழுவதும் படித்தேன். படுக்கைகள், வென்டிலேட்டர்கள், ஆக்சிஜன், கவச உடைகளின் கையிருப்பு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. அதற்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு இருக்கும் என்று புரிகிறது. ஸ்கேன் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: ‘படமெடுக்கும் சேவைகள் வழக்கம்போல் தொடரும்.’ அந்த வரிக்காகத்தான் இந்த மடல். எங்கள் அறையில் வழக்கம்போல் தொடர்ந்தது எதுவும் இல்லை. பார்த்தவர்கள் வாய் திறக்காவிட்டால் அந்த வரி அப்படியே அச்சாகிவிடும்.

அவசரப் பிரிவின் நடைபாதையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். தலையில் அடிபட்டவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர், மூச்சுத் திணறுகிறவர், ஒரு பக்கம் கை விழுந்துபோனவர் என்று ஆளுக்கொரு படுக்கையில் இருப்பார்கள். சிறிது நேரத்தில் அவர்களில் பலரும் ஒரே கதவு வழியாக எங்கள் அறைக்குள் வந்து, ஒரே மேசையில் படுத்து, ஒரே வளையத்துக்குள் போய்த் திரும்புவார்கள். காய்ச்சல் உள்ளவர்களுக்குத் தனி வார்டு, இல்லாதவர்களுக்குத் தனி வார்டு என்று நீங்கள் பிரித்தது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு வார்டும் எங்கள் மேசையில் வந்து சந்தித்தன. அந்தச் சந்திப்புக்கு யாரும் திட்டம் போட்டிருக்கவில்லை.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். தலைக்கு ஒரு சாதாரண சிடி எடுக்க இயந்திரம் ஓடுவது சில விநாடிகள்தான். ஆளை ஏற்றி இறக்குவதோடு சேர்த்தால் பத்து நிமிடம். தொற்று உள்ளவர் வந்து போனால் கணக்கே மாறிவிடும். மேசை, வளையத்தின் உள்பக்கம், இரத்தக் குழாய்களைத் தெரியவைக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தும் கருவி, தலைக்கு வைக்கும் பிடிமானம், பட்டைகள், கதவின் கைப்பிடி என்று ஒன்று விடாமல் துடைக்க வேண்டும். துடைத்த இடம் மருந்தின் ஈரத்தோடு குறிப்பிட்ட நேரம் இருக்க வேண்டும். உடனே உலர்த்திவிட்டால் பயனில்லை. அதற்கு மேல் காற்று. அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அட்டவணைப்படி, ஓர் அறையின் காற்று மணிக்கு 6 முறை மாறுமானால், மிதக்கும் நுண்துளிகளில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம். 99.9 சதவீதம் வேண்டுமென்றால் 69 நிமிடம், 35 நிமிடம்.

நம் மருத்துவமனையின் சிடி அறையில் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது? 2020 மார்ச்சில் நான் இந்தக் கேள்வியைக் கேட்டபோது பதில் சொல்ல ஆள் இல்லை. கட்டடப் பராமரிப்பில் கேட்கச் சொன்னார்கள். அவர்கள் ரேடியாலஜியில் கேட்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பொறியாளர் அளவெடுக்கும் கருவியோடு வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை, நாங்கள் ஆளுக்கொரு நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். பகல் ஷிப்ட் அரை மணி என்றது. இரவு ஷிப்ட் ஒரு மணி என்றது. ஒரே எண்தான். அது கதவில் ஒட்டப்பட்டிருந்தால் எத்தனையோ இரவுகள் வேறு மாதிரி போயிருக்கும்.

அதில் ஓர் இரவை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. வென்டிலேட்டரோடு ஒரு கோவிட் நோயாளியைக் கொண்டுவந்திருந்தார்கள். நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன். அந்த நோய் இரத்தத்தை உறைய வைக்கும் என்று தெரிந்த பிறகு இந்த ஸ்கேனை அடிக்கடி கேட்டார்கள். மேசைக்கு மாற்றும்போது வென்டிலேட்டர் குழாய் கழன்றுவிட்டது. சில நொடிகளில் செவிலியர் மாட்டிவிட்டார். ஆனாலும் அந்தச் சில நொடிகளில் அவர் நுரையீரலின் காற்று அறை முழுக்கப் பரவியிருக்கும். ஸ்கேனை முடித்து அனுப்பினோம். துப்புரவுப் பணியாளர் கவச உடையோடு உள்ளே போய்த் துடைக்கத் தொடங்கினார். கதவை மூடி நேரத்தை எழுதினேன்.

எட்டாவது நிமிடத்தில் தொலைபேசி. பக்கவாத அழைப்பு. அறுபதைத் தாண்டிய ஒருவர், கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் ஸ்ட்ரெச்சர் எங்கள் கதவருகே வந்துவிட்டது. அவருக்கு வலது கை விழுந்திருந்தது. பேச்சு வரவில்லை. இடது கையால் வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி நெஞ்சின் மேல் வைத்தார். அது சரிந்து விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தார். மறுபடி விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஏழெட்டு முறையாவது அப்படிச் செய்திருப்பார். கூட வந்த மகளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், விதி அப்படி.

பக்கவாதம் வந்தவருக்கு முதலில் தேவைப்படுவது தலைக்கு ஒரு சிடி. மூளையில் அடைப்பா, இரத்தக் கசிவா என்று தெரியாமல் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்க முடியாது. கசிவு இருக்கும்போது கொடுத்தால் உயிரே போகலாம். அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய மருந்து அது. பெரிய இரத்தக் குழாய் அடைபட்டால் சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் கணக்கிட்டிருக்கிறார்கள். நோயாளி வந்து 20 நிமிடத்துக்குள் படமெடுக்கும்படி ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கப் பக்கவாதச் சங்கத்தின் வழிகாட்டுதல். எங்களிடம் அந்த நேரம் இருந்தது ஒரு மேசை. இரண்டாவது இயந்திரம் மறு கட்டடத்தில், பூட்டிய அறையில், திறக்க ஆள் இல்லாமல்.

‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று மருத்துவர் கேட்டார். அறிவித்திருந்த நேரப்படி 38 நிமிடம் பாக்கி. சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நான், அவர், ஒரு செவிலியர், மூவரும் அந்தக் கதவருகே நின்று ஒரு முடிவு எடுத்தோம். மேசை துடைத்தாயிற்று, நாங்கள் மூவரும் என்95 முகக்கவசம் போட்டிருக்கிறோம், நோயாளிக்கும் இறுக்கமாக ஒன்று போட்டுவிடலாம், காற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம், உள்ளே போகலாம் என்று. போனோம். கசிவு இல்லை. மருந்து கொடுத்தார்கள். அந்தக் கை எவ்வளவு திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வேலையில் அது பெரும்பாலும் தெரிய வராது. அவருக்கு எங்கள் அறையில் தொற்று ஏற்பட்டதா என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டும் இன்றைக்கும் என்னோடு இருக்கின்றன.

அந்த முடிவு சரியா தவறா என்று கேட்க இதை எழுதவில்லை. அது இரவு இரண்டு மணிக்குக் கதவருகே நின்ற மூன்று பேர் எடுக்க வேண்டிய முடிவா என்று கேட்கிறேன். தொற்று நோய் மருத்துவர், நரம்பியல் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட், பொறியாளர் நால்வரும் பகலில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால் எழுதிவிடலாம்: பக்கவாதம், பெரிய விபத்துக் காயம், கிழியும் நிலையில் உள்ள பெருந்தமனி. இந்த மூன்றுக்கும் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் யார் என்ன அணிந்திருக்க வேண்டும்? அறை மூடியிருந்தால் மாற்று இயந்திரம் எது, அதன் சாவி யாரிடம்? அரைப் பக்கத்துக்கு மேல் வராது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இது எனக்கு முதலில் பிடிபடவே இல்லை. முதல் அலையின்போது எங்கள் அறை ஓயாமல் இயங்கியதாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள். களைத்துப்போனது உண்மை. ஆனால் பதிவேட்டைப் புரட்டினால், வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. காய்ச்சல்காரர்கள் கூடினார்கள், மற்றவர்கள் காணாமல் போனார்கள். ஒரு ஷிப்ட் முழுவதும் ஒரு குடல்வால் அழற்சி ஸ்கேன்கூட வராத நாள் இருந்தது. அப்படி ஒரு நாளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் 2020 மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரையிலான நான்கு வாரங்களில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் அதே வாரங்களைவிட 42 சதவீதம் குறைந்தது. அங்கே 856 மருத்துவமனைகளில் பக்கவாதத்துக்காக எடுக்கப்பட்ட படங்களை வைத்து ஒரு கணக்கு எடுத்தார்கள். பிப்ரவரியோடு ஒப்பிட்டால், மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் அந்த எண்ணிக்கை 39 சதவீதம் குறைந்திருந்தது. மக்களுக்குத் திடீரென்று பக்கவாதம் வருவது நின்றுவிடவில்லை. மருத்துவமனைக்குப் போனால் கோவிட் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வெளியே வராதீர்கள் என்று நாமும்தானே இடைவிடாமல் சொன்னோம்.

அவர்கள் வராமலேயே போய்விடவில்லை. சில நாள் கழித்து வந்தார்கள். மூளைக்கு இரத்தம் தடைபட்ட முதல் சில மணி நேரத்தில் சிடியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதுதான் காப்பாற்றக்கூடிய நேரம். நாள்கள் போனால் அந்தப் பகுதி கருத்துவிடும். கன்சோலில் படம் ஓடி வரும்போதே, ரேடியாலஜிஸ்ட் சொல்லாமலே, எனக்குத் தெரிந்துவிடும். ஓரம் தெளிவாகத் தெரியும் அந்தக் கருமையை முன்பு எப்போதாவது பார்ப்பேன். அந்த வருடம் அடிக்கடி பார்த்தேன். அப்படியே வெடித்த குடல்வால், அதைச் சுற்றிக் கட்டிய சீழ், நான்கு நாள் பொறுத்துக்கொண்ட நெஞ்சுவலி.

ஆகவே என் கோரிக்கைகளில் முக்கியமானது இது. பெருந்தொற்றுக் காலத்தில் தினமும் காலையில் உங்கள் கைக்கு வரும் அறிக்கையில் காலிப் படுக்கைகளோடு சேர்த்து இன்னும் மூன்று எண்களைக் கேளுங்கள்: நேற்று பக்கவாதத்துக்காக எத்தனை தலை ஸ்கேன், வயிற்றுவலிக்காக எத்தனை, அடிபட்டதற்காக எத்தனை. போன வருடம் இதே வாரத்தில் எத்தனை என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். இந்த எண்கள் எங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக யாரும் சேகரிக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று தெரிந்த அன்றே, ‘முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் காத்திருக்காமல் வாருங்கள், உங்களுக்குத் தனி வழி வைத்திருக்கிறோம்’ என்று மக்களிடம் சொல்லுங்கள். அப்புறம், அந்தத் தனி வழி நிஜமாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது, ஸ்கேனையே பரிசோதனையாகப் பயன்படுத்திய கதை. 2020 பிப்ரவரியில் வூஹானில் 1,014 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஆர்டி-பிசிஆர் பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களில் 97 சதவீதம் பேருக்கு நெஞ்சு சிடியிலும் மாற்றம் தெரிந்தது என்றது. நுரையீரலின் ஓரங்களில், இரண்டு பக்கமும், பனி படிந்த கண்ணாடி போன்ற வெண்மை. அந்த 97 உலகம் முழுவதும் பரவியது. அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருந்தது: பிசிஆரில் தொற்று இல்லை என்று வந்தவர்களில் 25 சதவீதம் பேருக்கு மட்டுமே சிடியும் இல்லை என்றது. அது பரவவில்லை. வேறு வைரஸ்களும் அதே வெண்மையைத் தரும், சில மருந்துகளின் பக்கவிளைவும் தரும். தொற்று வந்த முதல் ஓரிரு நாளில் நுரையீரல் சுத்தமாகவும் தெரியலாம்.

2020 மார்ச்சில் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி தெளிவாகச் சொன்னது: கோவிட் இருக்கிறதா என்று சலித்துப் பார்க்கவோ, முதல் பரிசோதனையாகவோ சிடியைப் பயன்படுத்தக் கூடாது. ஏப்ரலில் பன்னாட்டு வல்லுநர்களைக் கொண்ட ஃபிளைஷ்னர் சங்கம் இன்னும் பக்குவமாகச் சொன்னது. லேசான அறிகுறி உள்ளவருக்குப் படம் வேண்டாம். மூச்சு மோசமாகிறவருக்கு எடுக்கலாம். பரிசோதனை வசதி குறைவான இடத்தில், நிலைமை மோசமாக உள்ளவர்களைத் தரம் பிரிக்கவும் எடுக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. பிசிஆர் முடிவுக்கு மூன்று நாள் காத்திருந்த ஊர்களில் சிடி கேட்ட மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் வேறு என்ன இருந்தது?

ஆனால் அதன் விலை என்ன என்பது எங்கள் கதவுக்கு வெளியே தெரிந்தது. லேசான காய்ச்சல், நடந்தே வந்தவர்கள், ஆக்சிஜன் அளவு சரியாக உள்ளவர்கள், ஒரு மணிக்கு ஒருவர் என்ற வேகத்தில் நகரும் வரிசையில் தொற்று உள்ளவரும் இல்லாதவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயைவிடப் பல பத்து மடங்கு கதிர்வீச்சு வேறு. யாருக்கு எடுக்க வேண்டும், யாருக்கு வேண்டாம் என்ற விதி பிந்தி வந்தது. வந்த பிறகும் வாரத்துக்கு ஒரு முறை மாறியது. அடுத்த நோய் நுரையீரலைத்தான் தாக்கும் என்றில்லை. எந்த நோயானாலும், ‘இந்தப் படத்தால் சிகிச்சை மாறுமா?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரும் எங்கள் மேசைக்கு அனுப்பப்படக் கூடாது என்று இப்போதே எழுதிவையுங்கள்.

தேடாமலே கண்டுபிடித்த நோயாளிகளும் உண்டு. வயிற்று ஸ்கேன் வயிற்றிலிருந்து தொடங்காது. உதரவிதானத்துக்கு மேலே, நுரையீரலின் அடிப்பகுதியில் தொடங்கும். ஒரு பெண் வயிற்றுவலி என்று வந்தார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ‘சுத்தமான’ பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். மேசையில் படுக்க வைத்து, போர்வையைச் சரிசெய்து, கையைப் பிடித்து ஊசி குத்தியது நான்தான். முதல் நான்கைந்து படத்திலேயே அந்த வெண்மை வந்துவிட்டது. வயிற்றில் ஒன்றும் இல்லை. உடனே யாரைக் கூப்பிடுவது? அறிக்கை வரும்வரை நான் எதுவும் சொல்லக் கூடாது என்பது வழக்கம். ஆனால் அவர் திரும்பிப் போகப்போவது, பக்கத்துப் படுக்கையில் ஒரு முதியவர் இருக்கும் அறைக்கு. நான் வழக்கத்தை மீறி ரேடியாலஜிஸ்ட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் அந்த நிமிடமே படத்தைத் திறந்து பார்த்து வார்டுக்குப் பேசினார். நல்ல மனிதர், அதனால் நடந்தது. அப்படி ஒரு அழைப்பைச் செய்ய எங்களுக்கு எழுத்தில் உரிமை வேண்டும்.

எக்ஸ்ரே பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். தனிமை அறையில் உள்ளவரை எங்களிடம் கொண்டுவருவதற்குப் பதில் சக்கரம் வைத்த எக்ஸ்ரே இயந்திரத்தை அங்கே தள்ளிக்கொண்டு போனோம். இரண்டு பேராகப் போவோம். ஒருவர் முழுக் கவசத்தோடு உள்ளே. படத்தைப் பதிவு செய்யும் தகடான டிடெக்டரை, இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, நோயாளியின் முதுகுக்குப் பின்னால் வைப்பார். இன்னொருவர் வெளியே, இயந்திரத்தை மட்டும் தொடுவார். பல மருத்துவமனைகளில் கதவின் கண்ணாடி வழியாகவே படமெடுத்தார்கள், நாங்களும் கற்றுக்கொண்டோம். இயந்திரம் உள்ளே போகாததால் அதை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டியதில்லை. கண்ணாடி கொஞ்சம் கதிரை விழுங்குவதால் அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும், தூரமும் கூடும். கண்ணாடிக்கு உள்ளே என் தோழி கைவிரலால் ‘கொஞ்சம் இடது’ என்று காட்டுவாள், நான் எக்ஸ்ரே குழலைத் திருப்புவேன். கவசத்துக்குள் குரல் கேட்காது என்பதால் எங்களுக்குள் ஒரு கைமொழியே உருவாகிவிட்டது. கட்டைவிரலை உயர்த்தினால் ‘மூச்சு இழுத்துவிட்டார், எடு’ என்று அர்த்தம்.

ஆனால் படுத்திருப்பவருக்கு முன்பக்கமிருந்து எடுக்கும் படம், நிற்கிறவருக்குப் பின்பக்கமிருந்து எடுக்கும் படம் போல இருக்காது. இதயம் பெரிதாகத் தெரியும், தோள்பட்டை எலும்பு நுரையீரலின் மேல் விழும், ஆழ்ந்து மூச்சு இழுக்க முடியாதவரின் நுரையீரலின் அடிப்பகுதி வெறும் நிழலாகத் தெரியும். குப்புறப் படுக்க வைத்திருந்த நோயாளிகளுக்கு இன்னும் கஷ்டம். இடது வலது குறியை வைப்பதில்கூடத் தவறு நேரும். நேற்று ஒரு விதமாகவும் இன்று வேறு விதமாகவும் எடுத்த படங்களை ஒப்பிட்டு ‘நோய் முற்றிவிட்டது’ என்று முடிவு செய்தால் தப்பாகப் போகும். எப்படிப் படுத்திருந்தபோது எடுத்தது என்று ஒவ்வொரு படத்திலும் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்குங்கள். இதற்கான பயிற்சியை நோய் இல்லாத நாள்களில் வருடம் ஒரு முறையாவது கொடுங்கள். முதல் அலையில் கற்றவர்களில் பாதிப்பேர் எங்கள் பிரிவில் இப்போது இல்லை.

எம்.ஆர்.ஐ. பற்றிச் சின்ன விஷயம். முகக்கவசத்தின் மூக்குப் பட்டையில் உலோகக் கம்பி இருக்கும். அதோடு எம்.ஆர்.ஐ.க்குள் போன ஒருவருக்கு முகத்தில் தீக்காயம் ஏற்பட்டதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020 டிசம்பரில் எச்சரித்தது. உலோகம் இல்லாத முகக்கவசம் ஒரு பெட்டி எம்.ஆர்.ஐ. அறை வாசலில் இருந்தால் போதும்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள் விற்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயையும் சிடியையும் பார்த்துக் கோவிட்டைக் கண்டுபிடிப்பதாகச் சொன்ன 62 ஆய்வுகளை எடுத்து அலசி 2021 மார்ச்சில் ஒரு மதிப்பாய்வு வெளிவந்தது. அவற்றில் ஒன்றுகூட மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுதியானதாக இல்லை. சில ஆய்வுகளில் கோவிட் இல்லாதவர்களின் படங்களாகப் பயன்பட்டவை, ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் எக்ஸ்ரேக்கள். இயந்திரம் நோயைக் கற்றதா, குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கற்றதா? பதற்றத்தில் வாங்காதீர்கள். நம் நோயாளிகளின் படங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தொற்று எங்கோ இருக்கும்போதே நம்மைத் தொட்டுவிடும் என்பதையும் பார்த்தோம். 2022இல் ஷாங்காய் நகரம் முடக்கப்பட்டபோது, அங்கே கான்ட்ராஸ்ட் மருந்து தயாரிக்கும் பெரிய ஆலை ஒன்றின் உற்பத்தி நின்றது. அந்த ஆலையை நம்பியிருந்த நாடுகளில் வாரக்கணக்கில் தட்டுப்பாடு. இரத்தக் குழாய்களைத் தெரியவைக்கும் மருந்து அது. பக்கவாதத்தில் எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, விபத்தில் எந்த உறுப்பு கசிகிறது என்று பார்க்க அது வேண்டும். உலகம் முழுக்க மருத்துவமனைகள் அளவைக் குறைத்தன, மருந்து இல்லாமல் எடுக்கக்கூடியதை அப்படியே எடுத்தன, சிலவற்றுக்கு அல்ட்ராசவுண்டுக்கு மாறின. உங்கள் வரைவில் முகக்கவசத்துக்கு 90 நாள் கையிருப்பு எழுதியிருக்கிறீர்கள். கான்ட்ராஸ்டுக்கு எத்தனை நாள்? இரண்டு வெவ்வேறு ஆலைகளிலிருந்து வாங்குகிறோமா, ஒன்றை மட்டும் நம்பியிருக்கிறோமா?

கடைசியாக, ஆட்கள். ரேடியாலஜிஸ்ட்டுகள் பலர் வீட்டிலிருந்தே படம் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. மிகச் சரியான முடிவு. அவர்கள் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் நோயில் விழுந்திருந்தால் படத்தைப் படிக்க ஆள் இருந்திருக்காது. ஆனால் ஒருவரை மேசைக்கு மாற்றும் வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியாது. நோயாளியின் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில், அவர் இருமிக்கொண்டிருக்கும்போது, அவர் கழுத்தைத் தாங்கிப் பிடிப்பது எங்கள் கை. முதல் மாதங்களில் கவச உடைப் பங்கீட்டில் ஐசியுவும் வார்டுகளும் முதலில் இருந்தன, நாங்கள் ‘துணைச் சேவை’ என்ற தலைப்பில் கடைசியில் இருந்தோம். அந்தத் தலைப்பை எடுத்துவிடுங்கள். ஒரு ஷிப்டில் மருத்துவமனையின் எல்லாப் பிரிவு நோயாளிகளையும் தொடுகிறவர்கள் எங்களைப் போல வேறு சிலர்தான் இருக்கிறார்கள்.

அந்தச் சிலரில் முதலில் வருகிறவர் எங்கள் அறையைத் துடைத்தவர். ஒரு இரவில் பதினொரு முறை கவசம் மாட்டிக் கழற்றியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் முகத்தில் கண்ணாடியின் தடம் சிவந்திருக்கும். அவர் முடித்துவிட்டேன் என்று சொல்லாமல் எந்த நோயாளியும் உள்ளே வர முடியாது. அப்படியானால் அந்த அறையின் வேகத்தைத் தீர்மானித்தது இயந்திரம் இல்லை, அவர்தான். இரவு ஷிப்டுக்கு ஒருவர் மட்டும் என்று இருந்ததை இருவராக மாற்றிய வாரத்தில், வேறு எதையும் மாற்றாமலே, எங்கள் வரிசை குறைந்தது. புதிய இயந்திரம் வாங்க ஆகும் செலவில் எத்தனை பேரைப் பணிக்கு எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, இவ்வளவுதான் நான் கேட்பது: அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதும் நாளன்று எங்களையும் கூப்பிடுங்கள். இரவு ஷிப்ட் காலை எட்டு மணிக்கு முடிகிறது. கை கழுவிவிட்டு எட்டேகாலுக்கு உங்கள் கூட்ட அறையில் இருப்பேன். எங்கள் அறையைத் துடைத்தவரையும் அழைத்து வருகிறேன். அந்த மேசையைச் சரியாகத் துடைக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவின் ஸ்கேன் அறையில் பணிபுரியும் ஒருத்தி